ஜாக் பிரிவில் பத்து வருடம், பிறகு மலையிலேயே வக்கீல் தொழில்: நடக்கிற காரியமா?

மலைத்தேன் எழுதியது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம், எங்கள் ஊர். கோவையில் சட்டம் முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஊட்டியில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வயது 24. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயப் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக்கில் சேர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பத்து வருடம் அங்கே இருந்துவிட்டு, அப்புறம் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பணிக்கு முயன்று, கடைசியில் கோத்தகிரியிலோ குன்னூரிலோ சொந்தமாக ஆபீஸ் போட்டு உட்கார வேண்டும். சீனியரிடம் சொன்னேன். "பத்து வருடம் கழித்து வந்தால் இந்த பார் ரூமில் உனக்கு நாற்காலிகூட இருக்காதும்மா" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. கல்யாணம் ஆகாதவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார், மடித்துக் கையில் கொடுத்தார், தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மூன்று இடத்திலும் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ஒன்றில் கற்றது அடுத்ததில் உதவுமா, இல்லை ஒவ்வொரு தடவையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேத்திப்பள்ளம் எழுதியது:

தங்கச்சி, முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், நானும் ஒரு காலத்தில் இதையே தேடியவள். வயது 21 முதல் 27 வரை. சட்டப் படிப்பில் 55 விழுக்காடு. இப்போது கிளாட் என்கிற சட்ட நுழைவுத் தேர்வை முதுநிலைக்கு எழுதிய மதிப்பெண்ணும் கேட்கிறார்கள், அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும். அப்புறம் ராணுவத் தேர்வு வாரியமான எஸ்.எஸ்.பி. நடத்தும் நேர்காணல், ஐந்து நாள். மருத்துவப் பரிசோதனை. எல்லாம் தாண்டினால் சென்னையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி, முடிந்ததும் லெப்டினன்ட். முதலில் 10 வருடம், பிறகு வேண்டுமானால் 4 வருடம் நீட்டிக்கலாம். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்று உங்கள் அம்மா கேள்விப்பட்டது உண்மைதான், சேரும்போது அந்த நிபந்தனை உண்டு.

இன்னொன்று உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். ஜாக்கில் பெண்களுக்கு நிரந்தரப் பணி வாய்ப்பு 2008-லேயே வந்துவிட்டது. ஆனால் எடுக்கும் இடங்களில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று பிரித்து வைத்திருந்தார்கள். தேர்வான ஆண்களைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண் ஒருவர், பெண்களுக்கான இடம் தீர்ந்துவிட்டது என்பதற்காக வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அர்ஷ்நூர் கவுர் வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்று சொல்லிவிட்டது. இனி தகுதி வரிசை ஒன்றுதான்.

எனக்கு 26 வயதில் இந்த யோசனை வந்தது. அதற்குள் வீட்டில் பேச்சு முடித்துவிட்டார்கள். நல்ல வாழ்க்கைதான் அமைந்தது, ஆனாலும் அந்த விண்ணப்பத்தைப் போடாமல் விட்டதற்கு இன்றுவரை வருத்தம் இருக்கிறது. நீங்கள் போடுங்கள்.

சேரிங்கிராஸ் எழுதியது:

உங்கள் சீனியர் சொன்னதில் அக்கறை இருக்கிறது. நானும் அதையே சொல்வேன். 38 வருடமாக இந்த மலையில் சிவில் பார்க்கிறேன். இங்கே வழக்கு என்றால் பெரும்பாலும் நிலம். கூடலூர் பக்கம் போனால் ஜன்மம் என்கிற பழைய நில உடைமை முறையை ஒழித்த 1969-ஆம் வருடத்துச் சட்டம், அதன் 17-ஆவது பிரிவு. தாத்தா தொடங்கிய வழக்கைப் பேரன் நடத்துகிறான். தனியார் காடு என்றால் 1949 சட்டம், ஒரு மரம் வெட்டவும் கமிட்டி அனுமதி. இன்றைக்கு நாடு முழுக்கக் காட்டு வழக்கு என்றால் எடுத்துக்காட்டுகிற கோதவர்மன் வழக்கே 1995-இல் கூடலூர் காட்டு மரங்களுக்காகப் போட்டதுதான். யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, நில உரிமையாளர்களின் ஆட்சேபனையைத் தனியாகக் கேட்க ஒரு குழுவைப் போட்டது.

இந்த மாதிரி வழக்குகளுக்கு ஞாபகம் வேண்டும். இருபது வருடத்துக்கு முன் சர்வேயர் அளக்க வந்தபோது எந்தப் பாறையை எல்லை என்று காட்டினார்கள் என்பது வழக்குக் கட்டுக்குள் இருக்காது. அன்று மழையில் கூடவே நடந்த வக்கீலுக்குத்தான் தெரியும். பத்து வருடம் வெளியே இருந்தவருக்கு அது எப்படித் திரும்பக் கிடைக்கும்? கட்சிக்காரர் ஒரு வக்கீலிடம் நம்பிக்கை வைத்துவிட்டால் லேசில் மாற மாட்டார். திரும்பி வரும்போது 35 வயதில் மறுபடி ஜூனியர் போல உட்கார வேண்டியிருக்கும். அதை யோசித்து முடிவெடுங்கள் அம்மா.

பிளாக்பிரிட்ஜ் எழுதியது:

கேட்டது போலவே மூன்று இடத்திலும் இருந்தவன் நான். ஊட்டியில் இரண்டு வருடம் ஜூனியர், 1996-இல் ராணுவம், 2006-இல் திரும்பி வந்து குன்னூரில் தொழில், 2013 முதல் ஐந்து வருடம் கூடுதல் அரசு வழக்கறிஞர், இப்போது மறுபடி சொந்த ஆபீஸ். சேரிங்கிராஸ் ஐயா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். முதல் மூன்று வருடம் மேஜை வெறுமையாகத்தான் இருந்தது. நிலத்து வழக்குகள் எனக்கு வரவில்லை, இன்றைக்கும் அதிகம் வருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஆனால் அங்கே என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டுமே.

ராணுவச் சட்டம் 1950, ராணுவ விதிகள் 1954. இந்த இரண்டும்தான் அங்கே நமக்கு எல்லாம். கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம், நான்கு வகை. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள், டிஸ்ட்ரிக்ட்டில் மூன்று பேர். உட்காரும் யாருக்கும் சட்டப் படிப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. பீரங்கிப் படை மேஜர் இருப்பார், சப்ளை கோர் கர்னல் இருப்பார். அதனால்தான் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட் என்கிற சட்ட அதிகாரி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 129-ஆவது பிரிவு. அவருக்கு ஓட்டு கிடையாது. சட்டம் இது, சாட்சியம் இது என்று எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 29 வயதில், என்னைவிடப் பதவியில் பெரியவர்கள் ஐந்து பேரிடம் "ஐயா, இந்தக் கேள்வியை அனுமதிக்க முடியாது" என்று சொல்லப் பழகினேன். அந்தப் பழக்கம் பிற்பாடு எந்த கோர்ட்டிலும் என்னைக் கைவிடவில்லை. விசாரணை தொடங்கும் முன் உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து, "இவர்களில் யார் விசாரிப்பதற்காவது உனக்கு ஆட்சேபனை உண்டா" என்று எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, கேட்க வேண்டும். 130-ஆவது பிரிவு. நம் ஊர் கோர்ட்டில் எந்த எதிரியையாவது இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நான்காவது வகைதான் சமரி கோர்ட் மார்ஷல், சுருக்கமுறை விசாரணை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சாதாரண சிப்பாய் பார்க்கிற கோர்ட் பெரும்பாலும் இதுதான். கமாண்டிங் ஆபீசர் ஒருவரே கோர்ட். கூட இரண்டு பேர் உட்காருவார்கள், அதிகாரிகளோ, சுபேதார், நாயப் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களோ. அவர்களுக்குப் பிரமாணம் கிடையாது, ஓட்டும் கிடையாது. லெப்டினன்ட் கர்னல் பதவியில் இருக்கும் கமாண்டிங் ஆபீசர் ஒரு வருடம் வரை சிறை கொடுக்கலாம், வேலையை விட்டு நீக்கலாம். தண்டனை அன்றைக்கே அமலுக்கு வரும், மேலே யாரும் உறுதி செய்ய வேண்டியதில்லை. சிப்பாயின் பக்கத்தில் ஒருவர் இருக்கலாம், விதி 129 அவரை "எதிரியின் நண்பர்" என்கிறது. அந்த நண்பர் காதில் யோசனை சொல்லலாம், வாய் திறந்து கோர்ட்டில் வாதாடக் கூடாது.

1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சிக்னல்மேன். தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலிடத்துக்குப் புகார் அனுப்பியவர். அதற்காக 28 நாள் தண்டனை. தண்டனையில் இருந்தபோது சாப்பிட மறுத்தார் என்று ஒரு சமரி கோர்ட் மார்ஷல். யார் மீது புகார் சொன்னாரோ அவரே அந்த கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடச் சிறை, வேலை நீக்கம். சாப்பிட மாட்டேன் என்றதற்கு! உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. இப்படி அவசரமாக விசாரிப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்று 2016-இல் விஷவ் பிரியா சிங் வழக்கிலும் சொன்னது.

இந்த சமரி விசாரணைக் கட்டுகள் முடிந்த பிறகு ஜாக் அதிகாரியின் மேஜைக்கு வரும். விதி 133. நான் மூன்று வருடம் அந்த மேஜையில் இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், இப்போது கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

அருவங்காடு72 எழுதியது:

ஐயா, இழைக்குத் தொடர்பில்லாமல் கேட்கிறேன், மன்னிக்கவும். என் மாமா 19 வருடம் சர்வீஸ். ரத்த அழுத்தம் என்று கீழ் மருத்துவப் பிரிவில் வைத்து வெளியே அனுப்பினார்கள். 30 விழுக்காடு பாதிப்பு என்று மெடிக்கல் போர்டே எழுதியிருக்கிறது, ஆனால் பணியால் வந்ததல்ல என்று சொல்லி ஊனமுற்றோர் ஓய்வூதியம் தரவில்லை. ஏதாவது வழி உண்டா?

பிளாக்பிரிட்ஜ் எழுதியது:

தம்பி, தொடர்பில்லாமல் எப்படிப் போகும்? என் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். தரம்வீர் சிங் தீர்ப்பு, 2013. சேரும்போது எடுத்த மருத்துவச் சான்றில் இந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லை என்றால், நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றுதான் கொள்ள வேண்டும், பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. பாதிப்பு 20 விழுக்காடு அல்லது மேலே இருந்தால், ராம் அவதார் தீர்ப்புப்படி 50 என்று உயர்த்திக் கணக்கிடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் மாறியிருக்கின்றன. மாமா எந்த வருடம் வந்தார் என்று பார்த்துவிட்டு, மெடிக்கல் போர்டு பிரதி, டிஸ்சார்ஜ் புத்தகம், மறுத்த கடிதம் மூன்றையும் எடுத்து வையுங்கள். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் மறுநாள் இரவே திரும்பிவிடலாம்.

அரசுத்தரப்பு எழுதியது:

தங்கை கேட்ட நடுப்பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பில் இருக்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம்.

"அரசு வழக்கறிஞர்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனி வழிகள் இருக்கின்றன. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏ.பி.பி. அதாவது உதவி அரசு வழக்கறிஞர். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வர வேண்டும். குற்றவியல் கோர்ட்டில் 5 வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் பி.பி., கூடுதல் பி.பி. அது அரசு நியமனம், 7 வருடம் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். ஆட்சி மாறினால் பெரும்பாலும் நியமனமும் மாறும். ஏ.பி.பி. என்றால் நிரந்தர அரசு வேலை.

இங்கேதான் தங்கை கவனிக்க வேண்டும். ராணுவத்தில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தவுடன் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தப் பத்து வருடத்தை 5-லும் 7-லும் சேர்த்துவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். பிளாக்பிரிட்ஜ் சார் 2006-இல் திரும்பி 2013-இல் நியமனம் ஆனார் என்று எழுதியிருக்கிறார், நடுவில் ஏழு வருடம் இருப்பதைப் பாருங்கள்.

வேலை எப்படி என்றால், காலையில் பத்து மணிக்குள் இருபது கட்டு. சாட்சி வந்தாரா, போலீஸ் சம்மன் கொடுத்தார்களா, பிறழ் சாட்சி ஆகிவிடுவாரா. 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள். ஒரே நாளில் பழைய குற்றத்துக்குப் பழைய பிரிவும் புதிய குற்றத்துக்குப் புதிய பிரிவும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். களைப்பான வேலைதான். ஆனால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வந்து "சரியா சொன்னேனா சார்" என்று கேட்கும்போது, வேறு எந்த வேலைக்கும் போகத் தோன்றாது.

மலைத்தேன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 5 வருடம், 7 வருடம் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. பிளாக்பிரிட்ஜ் சார், ராணுவத்திலிருந்து அரசுத் தரப்புக்கு வந்தபோது எப்படி இருந்தது? எதிரியைத் தண்டிக்க வைப்பதுதானே அங்கே வேலை?

பிளாக்பிரிட்ஜ் எழுதியது:

இல்லைம்மா. அந்த எண்ணத்தோடு மட்டும் அரசுத் தரப்புக்குப் போகாதீர்கள். அரசு வழக்கறிஞர் புலனாய்வு அமைப்பின் ஒரு பகுதி அல்ல, தனியாக நிற்கும் சட்டப் பதவி என்று உச்ச நீதிமன்றம் 1994-இல், ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் சொல்லியிருக்கிறது. நான் அதை ஒரு சின்னத் தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த முதியவர். கொடுவாளால் வெட்டியதாகக் கொலை முயற்சி வழக்கு. சாட்சியம் முடிந்து, எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டம். பழைய சட்டத்தில் 313 கேள்வி என்போம். உங்களுக்கு எதிராக இன்னின்ன சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 31 கேள்விகள். "அ.சா.1 தம் சாட்சியத்தில் தாங்கள் சம்பவ இடத்தில் இருந்ததாகக் கூறியதைப் பற்றி என்ன சொல்கிறீர்" என்கிற தமிழ். பெரியவர் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமா" என்றார். இருந்தீரா, ஆமா. இல்லை என்று ஒரு சாட்சி சொல்கிறாரே, ஆமா. டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே போனார். பதினோராவது கேள்வியில் பெரியவர் என்னைப் பார்த்தார். நான்தான் அவருக்கு எதிரான வக்கீல் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. கறுப்பு கோட்டில் கொஞ்சம் வயதான ஆள் என்று பார்த்திருப்பார்.

எழுந்து, "ஐயா, இவருக்குக் கேள்வி புரியவில்லை என்று அரசுத் தரப்பு கருதுகிறது" என்றேன். நீதிபதி நல்ல மனிதர். நிறுத்தினார். பணியர் பேச்சு தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரை அடுத்த வாய்தாவுக்கு வரவழைத்து, எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்டார். அந்த இடத்துக்கு அவர் போனது உண்மை, பிடித்துத் தள்ளியதும் உண்மை, கொடுவாள் அவர் கையில் இல்லை. சாட்சியத்தைத் திரும்பப் பார்த்தால் அதற்கு இடம் இருந்தது. கொலை முயற்சி நிற்கவில்லை. காயம் விளைவித்ததற்கு மட்டும் தண்டனை, அதையும் அவர் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டார்.

வெளியே வந்ததும் விசாரணை அதிகாரி, "சார், நீங்க எங்க பக்கமா அவங்க பக்கமா" என்று கேட்டார். கோபம் நியாயம்தான், எட்டு மாதம் உழைத்தவர். டீ வாங்கிக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை.

சேரிங்கிராஸ் எழுதியது:

இதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போன பதிவில் நான் சொன்னது இன்னும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராணுவம் தெரிந்த வக்கீல் இந்த மலையில் எவ்வளவு தேவை என்பதை நான் விட்டுவிட்டேன்.

ஒரு ஹட்டியில் பாகப்பிரிவினை வழக்கு. நான் வாதி தரப்பு. நாலாவது பிரதிவாதி எல்லையில் இருக்கும் சிப்பாய். சம்மன் வீட்டுக் கதவில் ஒட்டியாகிவிட்டது, ஆள் வரவில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கும் நிலை. அப்போது இந்த பார் ரூமில் ராணுவத்தில் இருந்து வந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, 1925-ஆம் வருடத்து இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டத்தைக் காட்டினார். பணியில் இருக்கும் சிப்பாயால் வர முடியவில்லை, அவர் சார்பில் ஆஜராகவும் ஆளில்லை என்றால் கலெக்டர் கோர்ட்டுக்குச் சான்று அனுப்பலாம், கோர்ட் வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு இப்படி எல்லையில் பணியில் இருக்கும் சிப்பாய் என்று தெரிந்தால் மனுவிலேயே சொல்ல வேண்டிய கடமை நமக்கும் உண்டு. முப்பது வருடம் தொழில் செய்த எனக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. நீலகிரியில் எந்த ஹட்டியில் சிப்பாய் இல்லாத வீடு இருக்கிறது, சொல்லுங்கள். அன்றைக்கே கோர்ட்டில் விஷயத்தைச் சொல்லி வாய்தா வாங்கினேன். என் கட்சிக்காரருக்கு என் மேல் கோபம். பையன் லீவில் வந்தான், காலி பிளாஸ்க் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் ஆபீஸ் வாசலில் நின்றான், பேசி ஒரே நாளில் பாகம் முடிந்தது.

என்னைத் தனியாக அழைத்தவர் பிளாக்பிரிட்ஜாகத்தான் இருக்க வேண்டும். இல்லை என்றாலும் நன்றி.

பிளாக்பிரிட்ஜ் எழுதியது:

நான்தான் ஐயா. அன்றைக்கு உங்களிடம் சொல்லத் தயங்கினேன், எதிர்த்தரப்புக்கு உதவுகிற மாதிரி ஆகுமே என்று. நீங்கள் உடனே புத்தகத்தை வாங்கிப் படித்தீர்கள்.

சரி, அந்த மேஜை விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சமரி கோர்ட் மார்ஷலில் சிப்பாய் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்றால், அதைப் பதிவு செய்யும் முன் குற்றச்சாட்டின் பொருள், ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எல்லாம் விளக்கி, அவனுக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்று தெரிந்தால் அதையும் கமாண்டிங் ஆபீசரே சொல்ல வேண்டும். விதி 115. இப்படி விளக்கினேன் என்று எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்பதையும் அந்த விதியே கொடுத்துவிட்டது. வாசகம் மாறாது என்பதால் கிளார்க் முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருப்பார். என் மேஜைக்கு வந்த கட்டுகளில் அந்தப் பத்தி ஒரு எழுத்து பிசகாமல் இருக்கும். நான் அதைப் பார்ப்பேன், ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவேன், அடுத்த பக்கம். அந்த மூன்று வருடத்தில் எத்தனை டிக் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், குன்னூர் ஊட்டிச் சாலை அறுந்து கிடந்தது. அப்போது லீவில் வந்திருந்த ஒரு சிப்பாய், 13 வருட சர்வீஸ், வீட்டின் பின்சுவர் போய்விட்டது. அம்மாவை அக்கா வீட்டில் சேர்த்து, சுவர் கட்டி, 34 நாள் தாமதமாக யூனிட்டுக்குப் போனார். வி.ஏ.ஓ. சான்று, பஞ்சாயத்துத் தலைவர் கடிதம், எல்லாம் பையில் இருந்தது. தொப்பியும் பெல்ட்டும் கழற்றி வைக்கச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார்கள். இருபது நிமிடம். வேலை நீக்கம்.

2011-இல் என்னிடம் வந்தார். கட்டின் நகலை வரவழைத்துப் பிரித்தேன். அதே பத்தி. அதே இடைவெளி, அதே எழுத்து. கீழே கமாண்டிங் ஆபீசர் கையெழுத்து மட்டும். சிப்பாயின் கையெழுத்து எங்கும் இல்லை. "உங்களிடம் இதை விளக்கினார்களா" என்று கேட்டேன். "இந்தியில் ஏதோ வேகமாகப் படித்தார்கள் சார், 'டீக் ஹை?' என்று கேட்டார்கள், 'ஜீ சாப்' என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?" என்றார். பையில் இருந்த வி.ஏ.ஓ. சான்றை யாரும் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

சென்னைத் தீர்ப்பாயத்தில் வழக்கு இரண்டு வருடம் நடந்தது. ஒப்புதல் முறைப்படி பதிவாகவில்லை என்று தண்டனையை ரத்து செய்தார்கள். திரும்ப யூனிட்டுக்கு அனுப்பவில்லை, ஆனால் ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருடம் பணியில் இருந்ததாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். இப்போது கேரட் போடுகிறார். தீர்ப்பு வந்த அன்று அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அவருக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்று நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு ஒரு வேலைதான் கடைசியில் நிற்கிறது. கேள்வி கேட்டதாகத் தாளில் இருக்கிறதே, ஆளைக் கேட்டார்களா என்று பார்ப்பது. பந்தலூர்ப் பெரியவருக்காக நான் எழுந்தது இந்தச் சிப்பாயின் கட்டைப் பார்த்த பிறகு. முன்னால் என்றால் எழுந்திருப்பேனா, தெரியாது.

ஆகவே அம்மா, போங்கள். அந்த மேஜைக்கு நீங்கள் போய் உட்கார்ந்தால் பென்சிலை மெதுவாக எடுங்கள்.

கேத்திப்பள்ளம் எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அந்தக் கேரட்காரர் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார். கேட்க மாட்டேன்.

மலைத்தேன் எழுதியது:

நேற்று ராத்திரி இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிளாக்பிரிட்ஜ் சார் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ரொம்ப நேரம் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார். ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்னால், அவர் நாயப் சுபேதாராக ஒரு சமரி கோர்ட் மார்ஷலில் உட்கார்ந்திருக்கிறார். சார் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருவராக. தேனி பக்கத்துப் பையன். லீவு தாண்டியதற்கு. அப்பாவுக்கு அவனைத் தெரியும், அவன் ஏன் தாமதமாக வந்தான் என்பதும் தெரியும். தங்கைக்குப் பிரசவம் சிக்கலாகி மதுரை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவர் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். பையன் வெளியே போகும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

இத்தனை வருடத்தில் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. விளம்பரத்தைப் படித்துவிட்டு ஏன் தோட்டத்துக்குப் போனார் என்று இப்போது புரிகிறது.

பையனின் பெயர், அவனுடைய அப்பா பெயர், ஊர், பட்டாளம் எண் எல்லாம் என் அப்பாவுக்கு இன்னும் மனப்பாடம். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இத்தனை வருடம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா சார்?

பிளாக்பிரிட்ஜ் எழுதியது:

தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனால் இவ்வளவு நீண்ட தாமதம் கஷ்டம். இப்போதே நம்பிக்கை கொடுக்க மாட்டேன். கட்டு இன்னும் இருக்கிறதா என்று ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அதற்கு அந்தத் தேனிக்காரர் கையெழுத்து வேண்டும். முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கு விருப்பமா என்று கேட்க வேண்டும். தேனியில் எனக்கு ஒரு நண்பர் வக்கீல் இருக்கிறார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வாருங்கள். பிளாக் பிரிட்ஜில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வாருங்கள், கடைசித் தேதி நெருங்குகிறது.

மலைத்தேன் எழுதியது:

வருகிறோம் சார். அப்பா இப்போதே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்து வைத்துவிட்டார்.